பக்கத்து அட்டையில் ஐந்து ஓட்டைகள்

போன செவ்வாய்க்கிழமை ஆபீசில் எனக்கு ஒரு பாராட்டு கிடைத்தது. ஏனாத்தூர் பக்கம் பஸ் நேரங்களை மாற்றச் சொல்லி எங்கள் பிரிவிலிருந்து ஒரு குறிப்பு போயிருந்தது. மேலதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தபடி கை கூப்பினேன்.

அதை எழுதியது நானில்லை. சகுந்தலா. எங்கள் தற்காலிக டைப்பிஸ்ட். என் பங்கு கடைசியில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகுமா என்பது இந்த மாதக் கடைசியில் முடிவாகப் போகிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கை கூப்பினேன்!

அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கூடவே ஏகாம்பரத்தின் ஞாபகம் வேறு...

சீனப் போருக்குப் பிறகு காலேஜில் என்.சி.சி. கட்டாயம் என்று ஆக்கினார்களே, அந்த வருடங்கள். ஏகாம்பரம் என் வகுப்பு. பட்டுத்தறிக் குடும்பம். மிலிட்டரியில் சேர வேண்டும் என்பது அவன் வெறி. அண்ணனுக்கோ தறியை விட்டுத் தம்பி போவதில் இஷ்டமில்லை. மாவட்டத் துப்பாக்கிப் போட்டிக்குத் தேர்வாகிக் காட்டினால் அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருந்தார். எங்கள் காலேஜிலிருந்து ஒருவருக்குத்தான் இடம்.

ஓரிக்கையில் பாலாற்று மணலில் தேர்வு. பாயின்ட் டூ டூ ரைஃபிள் — பார்வைக்கு யுத்தகாலத்துப் பெரிய துப்பாக்கி மாதிரியே இருக்கும். அதே மரக்கட்டை, அதே கனம். ஆனால் தோட்டா பென்சில் துண்டு அளவு. தோளில் உதைக்காது. பட்டாளத்தில் பெரியதைக் கொடுப்பதற்கு முன் கையும் கண்ணும் பழக இதைத்தான் கொடுப்பார்களாம்.

இருபத்தைந்து கஜத்தில் குறி அட்டைகள். ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்ட பிறகு காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். நானும் ஏகாம்பரமும் பக்கத்துப் பக்கத்தில் குப்புறப் படுத்துச் சுட்டோம்.

போய்ப் பார்த்தால், என் அட்டையில் பத்து ஓட்டை. அவன் அட்டை வெள்ளையாக இருந்தது.

பத்தில் ஐந்து, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம், அத்தனை நெருக்கம். மீதி ஐந்து திக்குக்கு ஒன்று. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த வேலூர்ப் பக்கத்து ஹவில்தாருக்குச் சந்தேகமே வரவில்லை. நான் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வருடம் சுட்டுப் பழகினவன், ஏகாம்பரம் துப்பாக்கிக்குப் புதுசு. நெருக்கமான ஐந்தும் என்னுடையவை என்று என் பெயரை எழுதிக்கொண்டார். ஒவ்வொரு தடவை விசையை இழுத்தபோதும் நான் கண்ணை மூடினேன் என்பது எனக்கல்லவா தெரியும்? ஆனாலும் வாய் ‘தேங்க் யூ சார்’ என்றது.

டீ நேரத்தில் அவனிடம் போய், ஏன் நீ எதுவும் கேட்கவில்லை என்றேன்.

“எத்தக் காட்டிக் கேக்கறது? என் அட்டையில ஒண்ணுமே இல்லியேபா” என்றான். “அண்ணன் தறியில பக்கத்துல குந்திக்கினு கரைக்கு நாடா போட்டுப் போட்டு, கண்ணு தானா பக்கத்து ஆள் வேலைக்கே போயிடுது. தப்பு என்னுதுதான். அடுத்த வருசம் என் அட்டையிலயே போடறேன், பாரு.”

எங்கள் ஊர்ப் பட்டுத்தறியில் புடவையின் உடம்புக்கு நாடா தள்ள ஒரு ஆள், கரைக்கு ஒரு ஆள். கரை ஆளின் கண் நெசவாளியின் கையைவிட்டு நகரக் கூடாது. பத்து வருடம் அப்படி உட்கார்ந்தவனின் கண், என் அட்டைக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன?

அடுத்த வருடம் வரைக்கும் அவன் அண்ணன் காத்திருப்பாரா? டீ எனக்குக் கசந்தது. நேராக ஹவில்தாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். முறைத்தார். தேர்வானவனுக்குப் பயிற்சிக்காக இன்னும் ஐந்து தோட்டா உண்டு. அது என் பங்கு. அதை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

“உன் பேரை அடிச்சா அடிச்சதுதான். அவன் கோட்டை விட்டாலும் உனக்கு இல்ல. சரியா?” என்றார்.

சரி என்றேன். மாவட்டப் போட்டிக்குப் போக எனக்கும்தான் ஆசை.

இடம் மாறிப் படு, ஓரத்துக்குப் போ என்று ஏகாம்பரத்திடம் ஹவில்தார் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை.

“இங்கியே சுடறேன் சார். அவன் அட்டையும் அங்கியே இருக்கட்டும். என் கண்ண நாந்தானே திருப்பணும்.”

சுட்டான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலையைத் தூக்கித் தன் அட்டையின் எண்ணைப் பார்த்துக்கொண்டான். புதிதாக மாட்டிய என் அட்டை சுத்தமாக இருந்தது. அவன் அட்டையில் ஐந்து — ரூபாய் நாணயத்துக்குள். ஹவில்தார் என் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதினார். ஏகாம்பரம் காலிக் கூடு ஐந்தையும் பொறுக்கி எண்ணிக் கொடுத்துவிட்டு, மணலில் உட்கார்ந்து அழுதான். எனக்கு வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நம்மில் எத்தனை பேருடைய அட்டையில் பக்கத்து ஆள் போட்ட ஓட்டைகள் இருக்கின்றன? யாராவது வாய் திறக்கிறோமா? பதினெட்டு வயதில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வந்த தைரியம், இப்போது ஒரு வாரமாகியும் வரவில்லையே!

நாளைக் காலை மேலதிகாரியின் அறைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். கதவு வரை போய்த் திரும்பிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அதனால், இந்த வாரப் பத்தியை இன்றே பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்...

அவர் இந்தப் பக்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர்.