எல்சிப் பாப்பாவின் பூமுடி

கோடைக்கானல் மலையில் பேத்துப்பாறையிலிருந்து சீமைக்குப் போய்த் திரும்பிய ஒரே ஆள் வேலுத்தாய்தான். கப்பலில் போனாள், ரயிலில் போனாள், துரைமார் ஊரில் தன்னந்தனியாக ரெண்டு நாள் சுற்றினாள் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். எதற்குப் போனாள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவள் அவள் தங்கை அழகம்மாள் ஒருத்திதான். அவளும் வாயைத் திறக்கமாட்டாள்.

வேலுத்தாயின் புருஷன் அவளுக்கு இருபத்திரண்டு வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளையும் இல்லை. பிறந்த வீட்டுப் பூண்டுக் காட்டில் எத்தனை நாள் களை பிடுங்கிக்கொண்டிருப்பது? கோடைக்கானலுக்கு வந்து ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பங்களாவில் ஆயாவாகச் சேர்ந்தாள். அது ஐம்பதாம் வருஷம். பத்து நாள் குழந்தையை அவள் கையில் கொடுத்தார்கள். எல்சி என்று பெயர். வேலுத்தாய்க்கு எல்சிப் பாப்பா. வெந்நீர் ஊற்றியது இவள், தூங்க வைத்தது இவள், தொரைசானிக்குத் தெரியாமல் கேப்பைக்கூழ் ஊட்டியதும் இவள்தான். பாப்பா முதலில் பேசியது தமிழ். பாதிரியாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

நாலு வயதில் பாப்பாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பதினெட்டாம் நாள் டாக்டர் வாசலில் நின்று பாதிரியாரிடம் மெல்லப் பேசிவிட்டுப் போனார். தொரைசானி கட்டிலருகே முழங்காலிட்டாள். வேலுத்தாய் அடுப்படிக்குப் போனாள். ஒரு கிழிசல் துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாயை வைத்து முடிந்தாள்.

"பழனியாண்டவா, பிள்ளையப் பொழைக்க வச்சிரு. அவ தலைமுடிய ஒன் காலடியில எறக்குறேன்."

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தொரைசானி தன் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், வேலுத்தாய் தன் ஆண்டவனுக்குச் சொன்னாள். யார் காப்பாற்றியது என்பதை அந்த ரெண்டு ஆண்டவர்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும். வாக்குக் கொடுத்தவள் வேலுத்தாய், அதுதான் சங்கதி.

அங்கேதான் மதிகெட்டுப் போனாள் அந்தப் பொம்பளை. தன் தலையை நேர்ந்திருந்தால் மறுவாரமே இறங்கிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பாள். அடுத்தவள் பெற்ற பிள்ளையின் தலையை நேர்ந்துவிட்டாள், அதுவும் பாதிரியார் மகள் தலையை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வேறு மதம்.

பாப்பாவின் முடியோ இடுப்பு வரைக்கும் தங்கக் கம்பியாகத் தொங்கியது. தொரைசானி ஞாயிற்றுக்கிழமைதோறும் தானே சீவி, ரிப்பன் கட்டி, தள்ளி நின்று பார்ப்பாள். அவளிடம் போய் என்னவென்று கேட்பது? தைப்பூசம் வரட்டும் என்றாள் வேலுத்தாய். பூசம் போனது. உத்திரம் வரட்டும் என்றாள். அதுவும் போனது. ஐம்பத்தைந்தில் சபையிலிருந்து பாதிரியாருக்கு ஒரு கடிதம் வந்தது. பதினோரு நாளில் பங்களா காலி, குடும்பம் சீமைக்கு.

கடைசி நாள் காலையில் பாப்பாவுக்குத் தலை சீவியது வேலுத்தாய்தான். மடியில் கத்தரிக்கோல் இருந்தது. ஒரு கத்தை, ஒரே ஒரு கத்தை. கை முடியைப் பிடித்துவிட்டது. பாப்பா திரும்பி, "ஆயா, கூசுது" என்று சிரித்தாள். அவ்வளவுதான், வேலுத்தாய்க்குக் கை வரவில்லை. கத்தரிக்கோலை மடியிலேயே விட்டுவிட்டுப் பின்னலைப் போட்டு முடித்தாள்.

பிறகு வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. பக்கத்துப் பங்களா பட்லர் படித்துச் சொல்வார். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள், பாப்பாவுக்குப் பல் விழுந்துவிட்டது. ஐம்பத்தெட்டிலிருந்து அட்டை நின்றது. பெரிய இடம், மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் மறக்கவில்லை. உறைபனியில் அண்ணன் காட்டுக் கிழங்கு கருகினாலும், மாடு சினை தங்காவிட்டாலும், அவள் தகரப்பெட்டியின் அடியில் கிடக்கும் மஞ்சள் முடிச்சுதான் நினைவுக்கு வரும்.

ஒரு பங்குனிக்குப் பழனி போனபோது முடி இறக்கும் செல்லப்பாண்டியிடம் ஆளைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் கேட்டாள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்.

"ஆளு தூரத்துல இருக்கா? மொட்டதான் வேணும்னு இல்ல தாயி. பூமுடி கொண்டாங்க, மூணு கத்த போதும். ஆண்டவன் ஏத்துக்கிடுவான்."

மூன்று கத்தை! மடியில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்?

அறுபத்தொன்றில் வழி பிறந்தது. அப்போது அவள் வேலை பார்த்த குடும்பம் கைக்குழந்தையோடு ஊர் திரும்பியது. கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும், திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துத் தருவோம் என்றார்கள். லிவர்ப்பூல் துறைமுகத்தில் இறங்கியபின் அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. பாப்பா வீட்டு எடின்பரோ விலாசம் இருந்த கடைசி வாழ்த்து அட்டையை வேலுத்தாய் நீட்டினாள். புதுத் தொரைசானி நல்லவள். எடின்பரோவுக்கு ரயிலேற்றிவிட்டு, விலாசம் எழுதிய அட்டையை அவள் கோட்டில் ஊசியால் குத்தினாள். கிழங்கு மூட்டைக்குச் சீட்டுக் கட்டுவதுபோல.

முதுகில் ஒரு துணிப்பை. அதற்குள் மாற்றுச்சேலை, அவல், ஒரு டப்பா விபூதி, மஞ்சள் முடிச்சு, அதே கத்தரிக்கோல்.

எடின்பரோ ஸ்டேஷனை விட்டுப் படியேறி வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊர் நடுவில் ஒற்றை மலை. பாறை மலை. உச்சியில் கட்டடம். "முருகா!" என்று வாய்விட்டுச் சொன்னாள். மலை இருந்தால் அவன் இருப்பான், இந்தக் குளிரிலும் இருப்பான் என்று தோன்றிவிட்டது. வீட்டைத் தேடுவதற்கு முன் மலையேறினாள். கரி படிந்த உயர உயரக் கல்வீடுகள், இடையில் ஒருவர்தான் நுழையக்கூடிய சந்துகள், தூறல். ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, மனசுக்குள் அரோகரா சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மேலே சாமி இல்லை, அது கோட்டை. பட்டாளக்காரர்களும் ஒரு பீரங்கியும்தான். ஒரு மணிக்கு அந்தப் பீரங்கி வெடித்தது. தினமும் மணி சொல்ல வெடிப்பதாம், அவளுக்கு எப்படித் தெரியும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஈரக் கல்லிலேயே உட்கார்ந்தாள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இது என்ன சகுனம் என்று விபூதி டப்பாவைத் திறந்து நெற்றியில் பூசிக்கொண்டாள்.

கோட்டிலிருந்த அட்டையைக் காட்டிக் காட்டி வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது பழைய தொரைசானியேதான். முடி நரைத்திருந்தது. கோட்டிலிருந்த அட்டையையும் வேலுத்தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அந்தக் காலத்தில் புத்தகம் வைத்துப் படித்த தமிழ் துருப்பிடித்து வெளியே வந்தது.

"வேலுத்தாய்! நீ எப்படி வந்தாய்?"

"கப்பல்ல வந்தேன்மா. பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்காளா?"

தொரைசானி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நெருப்பருகே உட்கார வைத்தாள். தேத்தண்ணி கொடுக்கக் குனிந்தபோது அவள் கழுத்துச் சங்கிலியில் ஒரு சின்னப் பொன்பெட்டி ஆடியது. ஒரு பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்குள் தங்கக் கம்பியாக முடி.

வேலுத்தாய்க்குப் புல்லரித்துவிட்டது. வெட்டின முடியை ஒருத்தி பத்திரமாக எடுத்துவைத்திருந்தால் அது எதற்காக இருக்கும்? நேர்ந்த முடியாகத்தானே இருக்கும்? ஆண்டவன் தனக்கு முன்னாலேயே வந்து தொரைசானி மனசில் புகுந்துவிட்டான் என்றே நினைத்தாள்.

"எம் பாப்பா முடிதானம்மா? எனக்குன்னே எடுத்து வச்சிருக்கீகளே!" என்று சிரித்தாள். "அதுல கொஞ்சம் குடுங்கம்மா. மூணு கத்த போதும். எப்ப வெட்டுனீக?"

தொரைசானி கோப்பையைக் கீழே வைத்தாள். பெட்டியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அவள் இறந்த அன்று," என்றாள். "சவப்பெட்டியை மூடும் முன்பு. எட்டு வயதில் மறுபடியும் காய்ச்சல் வந்தது. உனக்கு எழுத என்னால் முடியவில்லை."

வேலுத்தாய் அழவில்லை. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும். பழனியாண்டவன் நாலு வருஷம் நின்றிருக்கிறான். ஒரு பூசம், ஒரு உத்திரம், அதற்குமேல் ஒரு கத்தரிக்கோல் பிடித்த காலைநேரம், எல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறான். பிள்ளையைக் காப்பாற்றியதும் நான், காவு கொடுத்ததும் நான் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. இல்லை என்று சொல்ல அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

தொரைசானி அழுதுகொண்டே பெட்டியைத் திறந்தாள். முடியைப் பாதியாகப் பிரித்து ஒரு காகிதத்தில் மடித்து நீட்டினாள்.

"வாங்கிக்கொள். நீயும் அவளுக்குத் தாய். அதற்காகத்தானே கேட்டாய்?"

செத்த பிள்ளையின் முடி. மலையேற்ற முடியாது, சாமி முன்னால் வைக்க முடியாது. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. மஞ்சள் முடிச்சைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"ஆமாம்மா," என்றாள். "நெனப்புக்குத்தான்."

மறுநாள் காலை கல்லறைக்குப் போனார்கள். கல்லில் பிறந்த ஊர் கோடைக்கானல் என்று எழுதியிருக்கிறதென்று தொரைசானி விரல் வைத்துக் காட்டினாள். அன்று பிற்பகலே வேலுத்தாய் ரயிலேறினாள்.

அதற்கப்புறம் அவள் பழனிக்குப் போகவில்லை. வேறு பங்களாக்களில் வேலை பார்த்தாள். பிள்ளைகளைத் தொட்டு வளர்க்கும் வேலை மட்டும் வேண்டாம், பாத்திரம் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டாள். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் விறகுக்குப் போனால், கீழே பழனிமலை தெரியும் இடத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு நடப்பாள். காகிதமும் மஞ்சள் முடிச்சும் அதே பெட்டிக்கு அடியில் கிடந்தன.

அறுபத்தேழில் அழகம்மாளின் மகள் விசாலாட்சிக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயது. ஒன்பது நாளாகியும் இறங்கவில்லை. அழகம்மாள் ஓடி வந்து அக்கா காலைப் பிடித்தாள்.

"அக்கா, நீ நேந்தா ஆண்டவன் கேப்பான். எம் பிள்ளைக்கு ஒரு முடிச்சுப் போடுக்கா."

"கேப்பான்டி. அதான் பயமா இருக்கு," என்றாள் வேலுத்தாய். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் தங்கையிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"வெரசாப் போ. மொதல்ல முடிய எறக்கு, அப்புறம் கேளு."

"காச்சல்ல கண்ணு தெறக்காமக் கெடக்குற பிள்ள தலையிலயாக்கா?"

"இப்பவே வெட்டிரு," என்றாள் வேலுத்தாய். "எந்திரிச்சு உக்காந்து சிரிச்சுட்டான்னா நமக்குக் கை வராதுடி."