சுருளிப்பட்டி ஜீப்பில் யுவராணியின் இடம்

காலை ஐந்தரைக்கு ஸ்டான்லியின் ஜீப் சுருளிப்பட்டி முக்கில் வந்து நிற்கும். இரண்டு தடவை ஹாரன் அடிப்பான்; மூன்றாவது தடவை அடித்ததாகச் சரித்திரமே கிடையாது. பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினேழு பெண்கள் அடைந்துகொள்வார்கள். கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்கக் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். அந்தப் பதினேழில் ஒரு இடம் யுவராணியுடையது. சரியாகச் சொன்னால் அவளுடையது இல்லை, அவள் வீட்டுடையது.

அந்த ஜீப்பின் சட்டம் அப்படி. இடம் ஆளுக்குக் கிடையாது, வீட்டுக்குத்தான். ஒருத்தி பிள்ளை பெறப் போனால் அவள் கொழுந்தியாள் ஏறிக்கொள்வாள். ஒருத்தி செத்துப்போனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மருமகள் வந்து நிற்பாள். ஆள் அனுப்ப முடியாத வீட்டின் இடம் மறுநாளே அடுத்த தெருவுக்குப் போய்விடும். சட்டத்தை எழுதியவர் யாரும் இல்லை. நடத்துகிறவள் உண்டு: ஆள் சேர்க்கும் சண்முகத்தாய். யுவராணியின் புருஷன் முத்துராஜாவுக்குக் கூடப் பிறந்த அக்காள்.

யுவராணியின் வீட்டில் அனுப்புவதற்கு ஆள் இருந்தது. மகள் திரிஷா, உத்தமபாளையத்துக் கல்லூரியில் கணிதம் முதலாம் ஆண்டு படித்தாள். யுவராணி ஜீப்பில் இருக்கும்வரை திரிஷா கல்லூரியில் இருப்பாள். யுவராணி இறங்கினால் திரிஷா ஏற வேண்டும். இதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

முப்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள் காலையில் யுவராணியால் தூக்குவாளி மூடியைத் திருக முடியவில்லை. ராத்திரி யாரோ விரல்களுக்குள் சிமெண்டு ஊற்றிவிட்டுப் போனதுபோல இருந்தது. இரண்டு கையிலும் ஒரே விரல்கள், ஒரே கணுக்கள். கணு ஒவ்வொன்றும் நாவல்பழம்போலப் புடைத்து, தொட்டால் சுட்டது. பிறகு முழங்கால், பிறகு பாதம். எட்டு, ஒன்பது மணிவரை அப்படியே இறுகிக் கிடக்கும். அதன்பின் மெல்ல விட்டுக்கொடுக்கும். மத்தியானம் ஆகிவிட்டால் மற்றவர்களுக்குச் சமமாகக் காய் எடுப்பாள்.

அந்த மத்தியானம்தான் அவளுக்கு எதிர்ச்சாட்சி ஆனது.

“காலையில கெழவி, மத்தியானம் கொமரி. இது என்னடி நோக்காடு?” என்றாள் கருத்தம்மாள், முன் சீட்டிலிருந்து.

“பேரு யுவராணியில்ல? பல்லக்கு வச்சாத்தான் ஏறுவாக போல” என்றாள் இன்னொருத்தி.

“புருசன் பேரு ராஜா, இவ ராணி. நாமதான் இங்கன கூலிக்கு வந்தவுக.”

ஜீப்பே சிரித்தது. யுவராணியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டிவரும்.

நாலு மணிக்கே எழுந்து வெந்நீரில் கல் உப்புப் போட்டுக் கைகளை அமுக்கி வைத்துக்கொள்வாள். தோட்டத்தில் அடிக்கிற மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள் சிலர். வாதம், புளியை விடு என்றார்கள். புளியை விட்டாள், கத்திரிக்காயை விட்டாள், கிழங்கை விட்டாள். நோய் மட்டும் அவளை விடவில்லை. ஆறு மாதம் இப்படி ஓட்டிய பிறகு திரிஷாதான் லீவு போட்டு அவளைத் தேனி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பேச்சுக்கு முன்னால் யுவராணியின் கையை வாங்கி, கணுக்களைப் பக்கவாட்டில் ஒரு தடவை அழுத்தினார். யுவராணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“காலையில எவ்வளவு நேரம் இறுகியிருக்கு?”

“ஒம்பது மணி வரைக்கும்மா.”

“வேலை செய்யச் செய்ய வலி குறையுதா, கூடுதா?”

“குறையுது. அதனாலதான் நடிக்கிறேன்னு சொல்றாக.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நடிப்பு இல்ல. அதுதான் இந்த நோயோட அடையாளமே. தேய்மானமா இருந்தா வேலை செஞ்சா வலி கூடும். உங்களுக்கு ஓய்வெடுத்தா இறுகுது. மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும்மா. கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி, ஆளைத் தப்பாப் பாத்து அந்தச் சவ்வை அடிக்குது. அடி வாங்கின இடம் வீங்கும், சுடும், தடிக்கும். தடிச்ச சவ்வு சும்மா இருக்காது, பக்கத்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். வலி உங்களுக்குத் தெரியுது. தின்னுறது தெரியாது.”

யுவராணிக்கு இதில் பாதி புரிந்தது. அவள் கேட்க வந்தது ஒன்றுதான். “எத்தனை நாள்ல சரியாகும்?”

“பிடி கிடைக்கவே ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சீட்டில் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார். மாதம் ஒரு முறை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். “மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நிறைய பேர் விட்டுடுறாங்க. நீங்க விட்டுடாதீங்க” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாத்திரை. ஞாயிறு முழுக்கக் குமட்டல், வாந்தி. ஞாயிற்றுக்கிழமை ஜீப் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து ஞாயிறு வாந்தி எடுத்தாள். கை அப்படியேதான் இருந்தது.

ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை. ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினாள். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. பின்னால் நின்ற இரண்டு பேர் இடுப்பில் கை கொடுத்துத் தள்ளினார்கள். பிடி நழுவியது. மல்லாக்கத் தார் ரோட்டில் விழுந்தாள். தூக்குவாளி திறந்து சோறு சிதறியது.

“ஏலே ஸ்டான்லி, அடுத்த தடவை கிரேன் கொண்டு வா” என்று யாரோ கத்த, ஜீப் குலுங்கியது.

சண்முகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து, குனியாமல் நின்று பேசினாள்.

“முடியலன்னா சொல்லிரு. வீட்டுல ஒண்ணு காலை நீட்டி உக்காந்து படிக்குதுல்ல? திங்கக்கிழமை நீ தானா ஏறணும். இல்ல, அது ஏறணும்.”

அன்று சாயங்காலம் திரும்பும்போது ஜீப் வழக்கம்போலக் கம்பத்தில் காய்கறிக்காக நின்றது. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. ஜீப் ஜனங்கள் அங்கே சீட்டு நீட்டுவதில்லை. நோயின் பேரும் சொல்வதில்லை. “உடம்பு வலிக்கு ஒரு செட்டு” என்று கேட்பார்கள். கடைக்காரர் டப்பாக்களிலிருந்து ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், இரண்டு ரோஸ் என்று பொறுக்கி, தாளில் மடித்துக் கொடுப்பார். மாத்திரைகளின் பெயரை வாங்குகிறவர்கள் கேட்டதில்லை, விற்கிறவர் சொன்னதும் இல்லை. யுவராணி மூன்று செட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விழித்தபோது விரல்கள் மடங்கின. அவள் நம்பவில்லை. மறுபடி மடக்கினாள், நீட்டினாள், முஷ்டி பிடித்தாள். வெந்நீர் வைக்காமல் கோலம் போட்டாள். திங்கட்கிழமை ஜீப்பில் யார் கையும் படாமல் ஏறினாள்.

“அடி ஆத்தி, பேய் எறங்கிருச்சு” என்றாள் கருத்தம்மாள்.

இதுவல்லவா மருந்து! ஐந்து வாரம் குடலைப் பிரட்டிவிட்டு ஒன்றும் செய்யாத மாத்திரை எங்கே, ஒரே நாளில் எழுப்பி நிற்க வைத்த இது எங்கே. ஆஸ்பத்திரி மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அடுத்த மாதம் தேனிக்குப் போக வேண்டாமா என்று திரிஷா கேட்டபோது, “நானே போயிட்டு வந்துட்டேன். டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாக. எல்லாம் சரியாப் போச்சாம்” என்றாள். மகள் நம்பினாள். அம்மா விடியற்காலையில் அம்மி அரைப்பதைக் கண்ணால் பார்க்கிறாள், நம்பாமல் என்ன செய்வாள்?

பதினாலு மாதம் அப்படிப் போனது. யுவராணி ஜீப்பிலேயே வேகமான கை என்று பெயர் எடுத்தாள். முதுகு வலி என்று முனகிய கருத்தம்மாளிடம், “செட்டு வாங்கித் தின்னுடி. அதை விட்டுட்டுச் சோம்பேறித்தனத்துக்கு நோவுன்னு பேரு வைக்காத” என்று அவளே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். ஜீப் அதற்கும் சிரித்தது. அந்தத் தடவை யுவராணி மனசாரச் சிரித்தாள்.

முகம் உப்பி வட்டமானது. “தோட்டத்து ஏலக்காயைத் திருடித் தின்னு கொழுத்துட்டா” என்றார்கள். லேசாக இடித்தாலும் தோலில் கருநீலமாகக் கன்றியது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தன, காற்றடித்துச் சாய்ந்த வாழைபோல. வலிக்கவில்லை. வலிக்காததை யார் கவனிப்பார்கள்?

ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. தூரிலிருந்து சரம் சரமாகத் தரையோடு கிடக்கும். ஒரே சரத்தில் முத்தின காய், பிஞ்சு, பூ எல்லாம் இருக்கும். குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முத்தின காயை மட்டும் கிள்ள வேண்டும். சரம் அறுந்தால் அடுத்தடுத்த எடுப்புக்கான காயும் போச்சு.

ஐப்பசியில் ஒரு நாள், மலையாளத்துச் சூப்பர்வைசர் யுவராணியின் வரிசையில் அறுந்த சரங்களைக் கண்டுபிடித்தார். ஒன்று இரண்டல்ல, ஒரு கை நிறைய. எல்லாரையும் வேலையை நிறுத்தி வரச் சொன்னார்.

“சேச்சி, ஒரு காய் எடுத்துக் காணிச்சே.”

யுவராணி குந்தினாள். கட்டைவிரல் காயின்மேல் வந்தது. ஆள்காட்டி விரல் வரவில்லை. பக்கத்தில் வழுக்கிப் போய் நின்றது. மறுபடி முயன்றாள். காய் உருண்டது. பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை முழுக்கையாலும் பற்றி இழுத்தாள். சரம் பூவோடும் பிஞ்சோடும் அறுந்து கையோடு வந்தது.

“வலியே இல்ல சார்” என்றாள். “சத்தியமா வலியே இல்ல.”

அது உண்மைதான். அவர் அறுந்த சரத்தை வாங்கி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். பிறகு சண்முகத்தாயிடம், “நாளெ இவரெ கொண்டுவரண்டா” என்றார். அந்த மலையாளத்துக்கு அங்கே யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இறக்கத்தில் பன்னிரண்டு மைல், ஜீப்பில் ஒருத்தரும் கேலி பேசவில்லை. கேலியைவிட அது மோசமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, அதே டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். விரல் எலும்புகளின் ஓரங்கள் எலி கரண்டியதுபோல அரிபட்டிருந்தன. கணுக்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைக் காணோம்.

“வலிதான் போயிருச்சேம்மா, பொறவு எப்படி?” என்றாள் யுவராணி.

“என்ன சாப்பிட்டீங்க?”

மடித்த தாளைப் பிரித்துக் காட்டினாள். டாக்டர் வெள்ளை மாத்திரையை மட்டும் நகத்தால் ஒதுக்கினார்.

“ஸ்டீராய்டு. வலியை அமுக்குச்சு, வீக்கத்தையும் அமுக்குச்சு. நோயை நிறுத்தல. உள்ள அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருந்துருக்கு. வலிச்சிருந்தா நீங்க அன்னைக்கே வந்திருப்பீங்க.” சற்று நிறுத்தி, “சாஞ்ச விரல் திரும்பாதும்மா. மணிக்கட்டும் முழங்காலும் இன்னும் தப்பிச்சுத்தான் இருக்கு, அதைக் காப்பாத்தலாம். வார மாத்திரையை மறுபடி ஆரம்பிப்போம். இந்த வெள்ளையைத் திடீர்னு நிறுத்தக் கூடாது, நான் சொல்ற மாதிரி குறைக்கணும். குறைக்கக் குறைக்கப் பழைய இறுக்கம் வரும். தாங்கிக்கணும்” என்றார்.

“வார மாத்திரையை நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு அம்மா சொன்னாங்க” என்றாள் திரிஷா.

“நானா?”

யுவராணி பிரித்த தாளை மறுபடி மடித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் திரிஷா சின்னமனூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். யுவராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“எனக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிராத” என்றாள் திரிஷா. யுவராணி சொல்ல வந்தது அதுதான்.

வீட்டில் சண்முகத்தாய் காத்திருந்தாள். மடியில் பழைய ஆம்பிளைச் சட்டை ஒன்று. காட்டில் பூச்சி கடிக்காமல் இருக்கச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வது.

“ஆறு மாசம் பொறுங்க மதினி. அவ கடைசி வருசப் பரீட்சை முடியட்டும். நான் செடிக்குக் களையாவது பறிக்கிறேன்.”

“அடியே, ஜீப்பு ஆஸ்பத்திரி இல்ல. திங்கக்கிழமை ஆள் வரலன்னா அங்கன மேலத்தெருவுல மூணு பேரு வரிசையில நிக்காளுக.” சட்டையைத் திரிஷாவிடம் நீட்டினாள். “அளவு பாரு ஆத்தா.”

யுவராணி புருஷனைப் பார்த்தாள். முத்துராஜா அக்காளைப் பார்த்தான். “பரீட்சையை மட்டும் போயி எழுதிக்கிறட்டும்க்கா” என்றான், பெரிய சலுகை வாங்கித் தருகிறவன்போல. “எடத்தை விட்டா மறுபடி கெடைக்குமா?”

திரிஷா சட்டையைப் போட்டுப் பார்த்தாள். கை நீளமாக இருந்தது. இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு ஹாரன் அடித்தது. வெள்ளை மாத்திரையைக் குறைத்த நாலாவது நாள். யுவராணியின் உடம்பு பலகையாகக் கிடந்தது. சுவரைப் பிடித்து, நிலைக்கதவைப் பிடித்து, முக்கைப் பார்த்த வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டாவது ஹாரனும் அடித்துவிட்டது. திரிஷா அவளைத் தாண்டி ஓடினாள். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை.

“ஏய் காலேஜு, கூட்டல் கழித்தல் பூராம் வீட்டுல வச்சுட்டு வந்தியா?” என்றது ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குரல்.

திரிஷா படியில் கால் வைக்கக்கூட இல்லை. பின்கம்பியை ஒரு கையால் பற்றி, ஒரே எம்பில் உள்ளே போய்விட்டாள்.

அழுவதற்காகத்தான் யுவராணி வாசலுக்கு வந்திருந்தாள். அழுகை வரவில்லை. அந்த விரல்கள் ஐந்தும் கம்பியைச் சுற்றி எப்படி மடங்கின, முழங்கால் எப்படிச் சத்தமில்லாமல் மடிந்து நிமிர்ந்தது என்று மட்டும் பார்த்தாள். பெற்ற மகள்மேல் பொறாமையாக இருந்தது. வாயில் கசப்பு ஊறும் அளவுக்குப் பொறாமை. ஜீப் திரும்பிக் கம்பம் ரோட்டில் மறைந்த பிறகும் அது போகவில்லை.