நிலாவரையில் மிதந்த தேசிக்காய்

கடவுளை எங்கே தொலைத்தீர்கள் என்று என்னை இரக்கத்தோடு வினவுவோர் இன்றும் உளர். நான் எதையும் தொலைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் புத்தூரில், நிலாவரைக் கிணற்றின் படியில், நல்ல வெயிலில், நானே இறக்கிவைத்துவிட்டு வந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. திரும்பிப்போய் எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற எண்ணம் இந்நாள்வரை எழுந்ததில்லை.

நிலத்தடி நீரை ஆராய்வது என் தொழில். சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக மழைநீர் எவ்வாறு இறங்குகிறது, கடல்நீர் எவ்வாறு ஏறுகிறது என்று அளந்தளந்தே தலை நரைத்தவள் நான். நோயில் விழும்போது கூப்பிடுவாய் என்று உறவினர் பலமுறை எச்சரித்தனர். விழுந்தேன். வைத்தியரைக் கூப்பிட்டேன்; அவர் வந்தார். வேறெவரையும் கூப்பிடவில்லை. இந்தப் பிடிவாதம் படிப்பினால் வந்தது என்று அவர்கள் கருதுகிறார்கள். அது படிப்புக்கு முந்தியது.

எண்பத்து நான்காம் ஆண்டு. எங்கள் வீட்டில் அம்மா, அண்ணை, நான், அம்மாவின் தம்பியாகிய மாமா என நால்வர் இருந்தோம். நான் நடை பழகுமுன்பே அப்பா இறந்துவிட்டார். வேலிக்கு அப்பால் அம்மாவின் தமக்கையாகிய பெரியம்மாவும் அவருடைய ஒரே மகனும் வாழ்ந்தனர். அவனும் அண்ணையும் ஒரே வகுப்பு; ஒரே சைக்கிளில் ரியூசனுக்குப் போவார்கள். ஒருநாள் காலை இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தபோது இருவரும் ஒரே லொறியில் ஏற்றப்பட்டனர். சைக்கிளை எவரோ கொண்டுவந்து எங்கள் வேலிப் படலையிற் சாத்திவிட்டுப் போயிருந்தார். பிடிபட்டவர்களைத் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள் என்றது ஒரு செய்தி. அவ்வளவு தூரம் போகவில்லை என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைக் கண்டதும் பாதியில் நின்றது இன்னொரு செய்தி.

மூன்று கிழமைகள் சென்றன. அண்ணை உயிரோடு இருக்கிறானா என்ற ஒரு கேள்விக்கு விடை தருவார் உலகில் எவருமில்லை. அந்த நிலையிலேதான் அம்மாவின் நினைவு நிலாவரைக்குப் போயிற்று.

நிலாவரை எங்கள் ஊரெல்லையிலுள்ள பெருங்கிணறு. அதற்கு அடியில்லை என்பது ஊரார் துணிபு. அதில் இட்ட எலுமிச்சங்காய், எங்கள் பேச்சில் தேசிக்காய், நிலத்தின் கீழாகவே ஓடி, பத்து மைலுக்கு அப்பாலுள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பதும் அவ்வாறே. கண்டவர் எவரென்று கேட்டால், கண்டவரை அறிந்தவர்கள் நிரம்பப் பேர் இருந்தார்கள்.

"நான் ஒரு தேசிக்காய் போடப்போறன்," என்றார் அம்மா. "அது கீரிமலையிலை வந்தால் பிள்ளை உயிரோடை இருக்கிறான். வருமட்டும் சோறு தொடமாட்டன்."

"வராட்டில்?" என்று கேட்டேன்.

பெரியம்மா என் வாயில் அடித்தார்.

சனிக்கிழமை காலை அம்மாவும் மாமாவும் நானும் போனோம். அம்மா தேசிக்காயின்மேல் மஞ்சள் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருந்தார். ஒரு விதி இருந்தது. காயை நீரில் விட்டதும் திரும்பிப் பாராமல் வரவேண்டும்; பார்த்தால் அது பயணம் போகாது. அம்மா கடைசிப் படியில் நின்று, கண்களை மூடி, காயை விட்டார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே பார்த்தபடி ஏறினார். மேற்படிக்கு வந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன்.

தேசிக்காய் மிதந்துகொண்டிருந்தது. அமிழவுமில்லை, அசையவுமில்லை.

அதைப் பார்த்த கணத்திலேயே நான் அறிவு பெற்றுவிட்டதாக எவரும் எண்ணவேண்டாம். நான் பெற்றது அச்சம். என் பார்வையால் காய் நின்றுவிட்டது. காய் நின்றதால் அண்ணை சாகப்போகிறான். ஆகவே அவனைக் கொன்றவள் நான். நான்கு நாட்கள் இதை எவரிடமும் சொல்லாமல் சாமியறையின் முன்னே கிடந்தேன். காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். என் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு காயைப் போகவிடும்படி மன்றாடினேன். என் ஆயுளுக்கென்று அளந்து தரப்பட்ட பக்தி முழுவதையும் அந்த நான்கு நாட்களிலேயே செலவிட்டுவிட்டேன் போலும்.

அம்மாவோ வெறுந்தேநீரில் இருந்தார். செவ்வாய்க்கிழமை வீட்டுக் கிணற்றடியில் வாளியைத் தூக்க முயன்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மாமா ஓடிப்போய்த் தூக்கிவந்தார். "ஒரு வாய் கஞ்சியாவது குடியக்கா," என்று அவர் கெஞ்சியதும், அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் புதன். என்னைப் பள்ளிக்கூடம் விடாமல் அம்மாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, மாமா விடியும்போதே சைக்கிளில் கீரிமலைக்குப் போனார். வெயில் ஏறியபின் வந்தார். தலை ஈரம், நெற்றி நிறைய நீறு. மடியை அவிழ்த்து அம்மாவின் கையில் வைத்தார். மஞ்சள் நூல் சுற்றிய தேசிக்காய்.

"வந்திட்டுது, அக்கா."

அம்மா அழவில்லை. "சோத்தைப் போடு," என்றார். மாமாவே குழைத்துக் கொடுத்தார். அம்மா உண்டு முடிக்குமட்டும் அவர் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

செய்தி பரவிற்று. தேசிக்காய் ஒரு தட்டத்தில் சாமியறையில் எழுந்தருளியது. அயலார் வந்து கும்பிட்டுச் சென்றனர். அதன் விளைவு ஒன்று உடனேயே வெளிப்பட்டது. பிடிபட்ட பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டிக்கொண்டிருந்த பாதிரியார் ஒருவர், வெள்ளிக்கிழமை தாய்மார் எல்லாரும் மாவட்ட அரச அலுவலகமாகிய யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வரவேண்டும், அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுக்கவேண்டும், நேரில் வந்து கையெழுத்திடாதவர்களின் பிள்ளைகள் பெயர் மனுவில் ஏறாது என்று சொல்லிச் சென்றிருந்தார். அம்மா வருவதாக வாக்களித்திருந்தார். இப்போது மறுத்துவிட்டார்.

"கடவுளே சொல்லிப்போட்டார். இனிப் போய் அவங்களிட்டைக் கெஞ்சினால் கடவுளை நம்பேல்லை எண்டெல்லே ஆகும்? பிறகு பிள்ளைக்குத்தான் பழுது."

"நானும் கச்சேரிக்குப் போகேல்லை," என்றார் பெரியம்மா. "வெள்ளிக்கிழமை என்ரை பிள்ளைக்கும் ஒண்டு போடப்போறன்."

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. நான் கொலைகாரி அல்லள்! அந்த மகிழ்ச்சியின் பின்னே ஒரு கணக்கு உறுத்தியது. திரும்பிப் பார்த்தால் காய் போகாது; நான் திரும்பிப் பார்த்தேன்; காய் போயிருக்கிறது. மூன்றும் ஒருங்கே மெய்யாக இருத்தல் இயலாது. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப்பையோடு நிலாவரைக்கு நடந்தேன்.

கிணற்றடியில் தோட்டத்துக்கு நீர் இறைப்பவர் ஒருவர் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

"தேசிக்காய்."

"மஞ்சள் நூல் சுத்தினதோ? உந்த மூலையிலை பார். ஐஞ்சாறு நாளாக் கிடக்கு. கீரிமலை பஸ்ஸைத் தவறவிட்டிட்டுது போல."

தம் பகிடிக்குத் தாமே சிரித்தார். படியோரத்து நிழலில், வாடிய இலைகளுக்கிடையே, அது கிடந்தது.

"எல்லாத் தேசிக்காயும் இப்பிடித்தான் கிடக்குமோ?"

"வேறை எங்கை போறது? மிசின்ரை வாயை அடைக்குதெண்டு கிழமைக்கொருக்கா நான்தான் வாளியாலை அள்ளி எறியிறன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊரிலை சொல்லிப்போடாதை மோனை. என்னை உயிரோடை விடமாட்டினம்."

வாளியால் அள்ளி என் கையில் தந்தார். தோல் ஊறி, ஒருபக்கம் பழுப்பேறியிருந்தது. நூல் வெளிறியிருந்தது. அந்தப் படியில் சிறிதுநேரம் இருந்தேன். நான்கு நாட்கள் நான் மன்றாடியபோது கேட்டுக்கொண்டிருந்தவர் எவர் என்று எண்ணிப் பார்த்தேன். எவருமில்லை என்பது எனக்குத் துயரமாக இருக்கவில்லை. சினமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் மாமாவும் பெரியம்மாவும் சாமியறையில் இருந்தனர். பெரியம்மா தம் தேசிக்காய்க்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் என் கையிலிருந்ததைத் தட்டத்திலிருந்ததன் அருகே வைத்தேன்.

"இது நிலாவரையிலை கிடந்தது."

அம்மா இரண்டையும் எடுத்தார். காய்களை அவர் பார்க்கவில்லை, முடிச்சுகளைத்தான் பார்த்தார். தாம் இட்ட முடிச்சைத் தாம் அறியாதவரா? ஊறிப்போன காயை மடியில் வைத்துக்கொண்டு மற்றதை நீட்டினார்.

"தம்பி, உது எங்கத்தையான்?"

மாமா நிலத்தைப் பார்த்தார். "எங்கடை வேலித் தேசியிலை பிடுங்கினது, அக்கா."

பெரியம்மாவின் சீற்றம் அவரை விட்டுவிட்டு என்மேற் பாய்ந்தது. "நீ திரும்பிப் பார்த்தியோடி?"

"ஓம். பார்த்தனான்."

"கேட்டியளே! இவள் பாத்ததாலைதான் அது போகேல்லை. விழுந்து கும்பிடடி! மன்னிப்புக் கேள்!"

"கேக்கமாட்டன்."

"சாமிக்குக் கோவம் வருமடி, பாவி!"

"வரட்டும். வந்து அண்ணை எங்கையெண்டு சொல்லட்டும். சாமி ஒண்டும் சொல்லேல்லை. உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை." பிறகு மாமாவை நோக்கிக் கையை நீட்டினேன். "சொன்னது இவர். இவர் பொய்யர்!"

அம்மா அறைந்தார். காதுக்குள் இரைந்தது. நான் விழவில்லை, கும்பிடவுமில்லை. பெரியம்மா என் கழுத்தைப் பிடித்து அமுக்கியபோது கதவுநிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் பிள்ளை," என்றார் மாமா, மெதுவாக. "நான் பொய்தான் சொன்னனான்." எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா மீண்டும் பட்டினி கிடப்பார் என்று அன்றிரவு முழுவதும் அஞ்சினேன். அவ்வாறு நிகழவில்லை. வெள்ளிக்கிழமை காலை பழஞ்சோற்றை உண்டு, வெளியே போகும் சேலையை உடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, வெளிக்கிடு. கச்சேரிக்குப் போகோணும்," என்றார். போகும் வழியில் பெரியம்மாவின் படலையில் நின்று, வரும்வரை அகலமாட்டேன் என்று சாதித்து, அவரையும் கூட்டிப்போனார். பெரியம்மா அதற்கு முன்பே நிலாவரைக்குப் போய்த் தம் தேசிக்காயை இட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு பெயர்களும் மனுவில் ஏறின.

அண்ணை பதினான்கு மாதங்களின்பின் வந்தான். ஒரு காது கேளாது. பெரியம்மாவின் மகன் வரவில்லை. அவனைப் பற்றி எந்த அலுவலகமும் எந்தக் காலத்திலும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மெய் பேசினால் நன்மை விளையும் என்று நிறுவுவதற்கு நான் இதை எழுதவில்லை. ஒரே மனு, ஒரே லொறி. ஒருவன் வந்தான், மற்றவன் வரவில்லை.

என் பார்வை கிணற்றையே கெடுத்துவிட்டது, அதனால்தான் தம் காயும் போகவில்லை, அந்தப் பார்வைதான் தம் மகனை விழுங்கியது என்று பெரியம்மா இறக்கும்வரை நம்பினார். நான் நீட்டிய தண்ணீரை அவர் ஒருநாளும் வாங்கிக் குடித்ததில்லை. அவருடைய துயரத்தின் முன் நான் எப்போதும் தலைகுனிந்தே நின்றிருக்கிறேன். அவருடைய தீர்ப்பை ஒருபோதும் ஏற்றதில்லை. பத்து வயதுச் சிறுமியின் பார்வைக்கு ஒரு பிள்ளையை அழிக்கும் வலிமை உண்டென்று வகுத்த அந்தத் தெய்வம், லொறியில் ஏற்றியவர்களை என்ன செய்தது? இந்தக் கேள்வியை அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். விடையென்று எனக்குக் கிடைத்தவை எல்லாம் என் ஆணவத்தைப் பற்றியவை. எங்கள் உறவினரோ, தேசிக்காய்தான் அண்ணையைக் கொண்டுவந்து சேர்த்தது என்று இன்றும் கதைக்கிறார்கள். எந்தத் தேசிக்காய் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆராய்ச்சியாளராகிய பின் நிலாவரையிற் கயிறு இறக்கி, ஆழத்துக்கு ஆழம் நீர் எடுத்து அளந்தேன். மேலே நன்னீர், கீழே உவர்நீர், அதன்கீழ் பாறை. ஊர் சொன்னதற்கு மாறாக அதற்கு அடி உண்டு. அது குறித்து எனக்கு வியப்பில்லை.

மாமாவை விளங்கிக்கொள்ளத்தான் நெடுங்காலம் சென்றது. அவர் நாள் தவறாமல் நீறு பூசியவர். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போனவர். ஆகவே அவரை நான் நம்பிக்கையாளர்களின் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தேன், அதுவும் ஏமாற்றுக்காரராக. அவர் வெளிநாடு போய் அங்கேயே இறந்தபின்தான், ஒரு பயணத்தின் நடுவே, எதிர்பாராமல் அது எனக்குத் தென்பட்டது. காய் வரும் என்று நம்பியவர் வெறுங்கையோடு கீரிமலைக்குப் போயிருப்பார். கேணிக்கரையில் காத்திருப்பார், வராவிட்டால் மறுநாளும் போயிருப்பார். மாமா விடியுமுன் எழுந்து, வேலியில் அளவொத்த காயொன்றைத் தேடிப் பிடுங்கி, மூன்று சுற்று நூல் சுற்றி, மடியிற் கட்டிக்கொண்டே சைக்கிளில் ஏறியிருக்கிறார். நிலத்தின் கீழ் எதுவும் வராது என்பதை அந்த வீட்டில் என்னைவிட ஒருநாள் முன்னதாகவே அறிந்தவர் அவர். கடவுளும் கிணறும் கைவிட்ட வேலையை, பசியால் விழுந்த தமக்கைக்காக, பத்து மைல் மிதித்துத் தாமே செய்துவிட்டு வந்தார்.

சாமியறையின் வாசலில் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் எதிராக நான் ஒருத்தியே நிற்பதாக அன்று நினைத்தேன். அங்கே இருவர் நின்றோம். மற்றவரைத்தான் நான் விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தேன்.