கனெக்டிகட்டை விட்டுப் போகிறவர்கள்

ஊரை விட்டுப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டுக் குறித்து வைப்பதும் ஒரு தொழில்தான். அதில் காது வலியும் வரும், மாதச் சம்பளமும் வரும். திண்டிவனத்தில் மரக்காணம் போகும் சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் மூன்று வருஷம் அதைத்தான் செய்தேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் கனெக்டிகட் என்றொரு மாநிலம். அங்கே வீட்டை விற்றுவிட்டு வெளியேறுகிறவர்களுக்கு ஒரு கம்பெனி போன் போட்டு, ஏன் போகிறீர்கள் என்று கேட்கும். அந்தப் பேச்சின் பதிவு மறுநாள் காலை எங்கள் ஹெட்செட்டுக்கு வந்துவிடும். கேட்டு, ஒன்பது காரணங்களில் ஒன்றின் எண்ணைத் தட்ட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இல்லையென்றால் அந்த மாதத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு அந்த வேலை போகக் கூடாது. ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் அப்பா இருந்தார். வாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டவர். அம்மா இல்லை, நான் ஒரே பெண். கணவருக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்து செருப்பைக் கழற்றும்போதே, "எல்லாரும் அங்க வந்துடுங்களேன்" என்பார். "இங்க எனக்கு வேலை இருக்குதே" என்று நான் சொல்வேன். அந்த ஒரு பதிலில்தான் அப்பா தன் சொந்த வீட்டில் இருந்தார். ஹெட்செட் மாட்டிப் பிழைக்கிறவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான் இருக்கும்.

வீடு பெரிசு

சேர்ந்த இரண்டாவது வாரம். பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள், நாலு படுக்கையறை வீடு எங்கள் இரண்டு பேருக்கு ரொம்பப் பெரிசு, அதனால் போகிறோம் என்று ஒரு தம்பதி சொன்னார்கள். அன்றைக்கு ஆளுக்கு ஒன்றாவது அதே மாதிரிப் பதிவு வந்தது. 'வீட்டின் அளவு' என்று ஆறாம் எண் இருக்கவே இருந்தது. எங்களில் ஒருவர்கூட அதைத் தட்டவில்லை. அளவு காரணமென்றால் வீடு சின்னதாகத்தானே இருக்க வேண்டும்? பன்னிரண்டு பேரும் தனித்தனியாக யோசித்து, ஒன்பதாம் எண்ணான 'தெளிவில்லை'யைத் தட்டியிருந்தோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தோம் என்று, எங்கள் வேலையைச் சரிபார்க்கும் சென்னை ஆபீஸில் சந்தேகப்பட்டார்கள்.

எங்கள் டீம் லீடர் பாஸ்கர் சார் எல்லோரையும் நிற்க வைத்துக் கத்தினார். என் பக்கத்து சீட் லூர்து, வளவனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். ஒரு ஹாலும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஏழு பேர். அவன் பணிவாகத்தான் சொன்னான்: "சார், நாலு ரூம் இருக்குதுன்னு ஒருத்தன் வீட்ட உட்டுட்டுப் போறேன்னா, அவன் நம்மள வச்சு காமெடி பண்ணிக்கினு இருக்கான்னுதான சார் நெனப்போம்?"

நன்றி சொன்ன பிறகு

முதலில் சொல்லும் காரணத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு சொல்வதெல்லாம் கணக்கில் இல்லை. இது சட்டம். கேட்டவுடன் எல்லோர் வாயிலும் முதலில் வருவது வரி. அங்கே வாசலில் சும்மா நிற்கிற காருக்கும் வருஷா வருஷம் வரி உண்டு. திட்டுவதற்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம் தாராளமாகப் போதும். ஆனால் போன் செய்தவர் நன்றி சொல்லி வைக்கப்போகிற நேரத்தில்தான் இன்னொன்று மெதுவாக வெளியே வரும். ஒரு வயதான அம்மாவும் அப்படித்தான். வரியைத் திட்டி முடித்து, நன்றியும் வாங்கிக்கொண்டு, "என் கணவர் இறந்துவிட்டார். வாசல் பனியை அவர்தான் தள்ளுவார். இந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தள்ளினார். ஜன்னலில் நின்று அதை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது" என்று அழ ஆரம்பித்தார்.

நான் நாலாம் எண்ணைத் தட்டினேன், குடும்பம். தப்பு என்று வந்துவிட்டது. அந்த மாதம் ஏற்கெனவே நூலிழையில் ஓடிக்கொண்டிருந்தேன். சென்னையில் எங்கள் வேலையைச் சரிபார்க்கும் பெண்ணுக்குப் போன் போட்டு, "அந்தம்மா நாலு நிமிஷம் அழுதாங்க மேடம்" என்றேன். அவள் பதில் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வரி என்று மாற்றிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அவள் சொன்னது இது: "நானும் கேட்டேங்க மேடம், கஷ்டமாதான் இருந்துச்சு. ஆனா மொதல்ல வரின்னுதான சொன்னாங்க? அழுகைக்கு நம்மகிட்ட நம்பர் இல்லீங்க."

கடலோர வீடு

எங்களோடு வேலை செய்த சங்கீதா மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். கனெக்டிகட்டிலும் கடற்கரை உண்டு என்பது அவளுக்கு ஒரு பதிவைக் கேட்டுத்தான் தெரியும். அதில் பேசியவருக்குக் கடலைப் பார்த்த மாதிரி வீடு. இரண்டு முறை தண்ணீர் உள்ளே வந்துவிட்டதாம்; இனிமேல் வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் போட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் மலைப் பக்கம் வேறு வீடு பார்த்துவிட்டார்.

சங்கீதா பதிவை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். போன மழைக்கு அவர்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கடல் வந்து, பாதிச் சுவர் போய்விட்டிருந்தது. கோயில் மண்டபத்தில் பத்து நாள் இருந்துவிட்டு அதே வீட்டுக்குத்தான் திரும்பினார்கள். சரியான எண்ணைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்சூரன்ஸ் இல்லன்னு அவன் போறான்க்கா. போறதுக்கு எடம் இல்லன்னு நாங்க இருக்கோம்" என்றாள்.

முதல் பரிசு

மூன்றாவது வருஷம் ஒரு போட்டி வைத்தார்கள். எண்ணைத் தட்டினால் மட்டும் போதாது, ஏன் அந்த எண் என்று ஒரு வரி எழுத வேண்டும். நன்றாக எழுதுகிறவருக்குப் பரிசு. நாங்களும் அசடுகள் மாதிரி விழுந்து விழுந்து எழுதினோம். குரல் எங்கே தழைகிறது, எந்த இடத்தில் சிரிப்பு பொய், 'பரவாயில்லை' என்று எத்தனை முறை சொன்னால் அவருக்கு மனசு ஆறவில்லை என்று அர்த்தம், எல்லாம் எழுதினேன். இதையாவது கேட்கிறார்களே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. முதல் பரிசு எனக்கு, மூன்று அடுக்கு ஹாட்பாக்ஸ். அப்பாவிடம் காட்டியபோது வலது கையால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்.

அடுத்த மாதமே எங்கள் பதிவுகள் பாதியாகக் குறைந்தன. அதற்கடுத்த மாதம் ஒன்றுமே வரவில்லை. கம்ப்யூட்டரே கேட்டு, கம்ப்யூட்டரே எண்ணைத் தட்டுகிறதாம். நாங்கள் எழுதிய வரிகளை வைத்துத்தான் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் கணக்கு முடித்தார்கள். பாஸ்கர் சாருக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள், பாவம். ஆனாலும் டீம் லீடர் புத்தி போகுமா? என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாத்தவிட உன் வரிங்கதான் அதுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சுன்னு சொன்னாங்கம்மா. பெருமையா எடுத்துக்கோ."

எங்கள் வண்டி

அந்தச் சனிக்கிழமை கணவர், அங்கே வந்துவிடுங்கள் என்று கேட்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பிப்போய் வீடு பார்த்துவிட்டுப் போன் செய்தார். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அந்த வாடகைக்கு அதுதான் கிடைத்தது என்றார். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, "வர்ற வாரம் ஒரகடம் போறோம்ப்பா" என்றேன். "சரி" என்றார். சொல்லும் வேலை முடிந்தது என்று நான் பாத்திரம் கட்டப் போய்விட்டேன்.

வண்டி வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. கணவரும் டிரைவரும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்து, "ஏன் மாமா, ஊர உட்டு அவசியம் போயே ஆவணுமா?" என்று கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் மூட்டையோடு நிற்பது அப்பாவுக்குத் தெரியாது. வாதத்தில் குழறுகிற அந்தப் பேச்சைத் தினமும் கேட்டுப் பழகிய எனக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை: "எனக்கின்னாம்மா தெரியும்? அமெரிக்காவுல எவன் எதுக்குப் போறான்னு எம்பொண்ணு மூணு வருசமா ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தா. ஒனக்குப் போவ இஷ்டமாப்பான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

ஊரை விட்டுப் போகிறவர்கள் பேச்சைக் கேட்டு நான் வாங்கிய கடைசிச் சம்பளம், எங்கள் வண்டி வாடகைக்கும் அந்த இரண்டாவது மாடி அட்வான்ஸுக்கும் சரியாகப் போயிற்று.