ஜன்னலோர சீட்

என் வாழ்க்கையின் முதல் பொறாமை ஒரு கிட்டார் மேல். அதுவும் கரண்டில் பாடுகிற கிட்டார். விழுப்புரம் ரயில்வே காலனியிலிருந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, என்ஜின் டிரைவர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது சித்தப்பாவிடம் விட்டுப்போனது. அதற்கு என்னைவிட வயது அதிகம். ஆனால் என் முழங்காலில் இருந்த கீறலில் ஒன்றுகூட அதன்மேல் கிடையாது. நடுவில் வெல்லப்பாகு நிறம், ஓரம் போகப்போகப் புளி நிறம். சிவப்பு வெல்வெட் தைத்த பெட்டியில் அது படுத்திருக்கும். நான் கோரைப்பாயில். அதுவரை சித்தப்பாவின் பக்கத்தில் படுத்தவன் நான்; பெட்டி வந்ததும் சுவரோரம் தள்ளப்பட்டேன்.

திண்டிவனத்து மாமாவும் கிட்டார் வாசிப்பவர். அவருடையது சாதா மரக் கிட்டார். வரும்போதெல்லாம் பெட்டியைத் திறக்கச் சொல்வார், தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "பளபளன்னு இருந்தா ஆச்சா மச்சான்? வாசிக்கக் கையி வோணும் இல்ல" என்பார். அப்புறம் சோறு இறங்காமல் பாதியில் எழுந்துவிடுவார். எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்த சந்தோஷம்.

ஆயுத பூஜையன்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன்: கிட்டார் ஊமையானால் ஒரு தேங்காய். அம்மா அரிவாள்மணை, சைக்கிள், தையல் மெஷின் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கிட்டாருக்கு வேண்டாம் என்று சித்தப்பா கெஞ்சினார். "எல்லாத்துக்கும் வச்சிட்டு இத்த மட்டும் வுட்டா குத்தமாயிடும்" என்று அதற்கும் அம்மா தாராளமாகச் சந்தனம் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் திண்டிவனத்தில் லாரிக்காரர்கள் வைத்த கச்சேரி. சித்தப்பா கிட்டாரைப் பட்டுத்துணியால் துடைத்து எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் அதற்கு ஜன்னலோர சீட். விக்கிரவாண்டி தாண்டியும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

மேடையில் சித்தப்பா வயரைச் செருகித் தந்தியை மீட்டினார். சத்தம் இல்லை. திரும்ப மீட்டினார். விசில் பறந்தது. கச்சேரி வைத்த லாரிக்காரர் ஒருவர், முன்வரிசையில் தன் கிட்டாரோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து, "உங்க கிட்டாரை எடுத்துக்கினு ஏறுங்க" என்றார். சித்தப்பா முகம் சாம்பலாகிவிட்டது.

வேண்டுதல் பலித்துவிட்டது. போலீஸ் வந்தால் பிள்ளையார் என்னைக் காட்டிக்கொடுப்பாரா மாட்டாரா? பந்தல்காலைக் கட்டிக்கொண்டு, வேண்டுதலை ரத்து செய்ய இரண்டு தேங்காய், மூன்று தேங்காய் என்று எனக்கு நானே ஏலம் விட்டேன்.

மாமா மேடையேறினார். தன் கிட்டாரைக் கீழே வைத்தார். மண்டியிட்டு, வயர் செருகும் துளைக்குள் பார்த்தார். "இன்னா மச்சான், அது மூக்குல சந்தனத்த அப்பிக்கினு வந்துகிறே?" வட்டமாக எதைக் கண்டாலும் நடுவில் பொட்டு வைப்பது அம்மாவின் பழக்கம். மாமா தீக்குச்சியால் சுரண்டினார், ஊதினார், வேட்டி முனையைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தார். வயரைச் செருகி ஒரு தந்தியைத் தொட்டதும் பந்தலே அதிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். விசில் நின்றது. சித்தப்பா திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமாவே, "புடி மச்சான்" என்று வாரைச் சித்தப்பா கழுத்தில் மாட்டிவிட்டு இறங்கிப்போனார். கையில் விழுந்த கச்சேரியை இப்படியா விடுவார்? கூட்டாளி என்னைக் கவிழ்த்துவிட்டார் என்று கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை எங்களை வழியனுப்ப மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஜன்னலோரம் கிட்டார், பக்கத்தில் சித்தப்பா, நான் வழக்கம்போல் நின்றபடி. பஸ் திரும்பும்வரை மாமா ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் என்று நினைத்து, கோபத்தை மறந்து, நானும் ஆட்டினேன்.