கன்னத்தில் போட்டுக்கொண்ட பூசை

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு வந்தது. ஊரே கொதித்தது. அந்தப் பக்கம் மதுவிலக்கு என்பதால் எங்கள் ஊர் பிராந்திக் கடைக்காரர் எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தார்.

கூட்டம் போடத் தடை உத்தரவு. நாலு பேர் சேர்ந்து டீ குடித்தாலே லத்தி. பூசைக்கு மட்டும் தடை இல்லை. எல்லையோரப் பூவம் கிராமத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் மாதா கோயிலில் ஏழெட்டுக் குடும்பம்தான். எங்கள் பங்குச் சாமியார் யோசித்தார்.

"டெல்லியில முடிவு பண்றவங்க நம்மள ஒரு வார்த்தை கேக்க வேணாமா? பூசைக்கு எல்லாரும் வாங்க. முடிஞ்சதும் பேசிக்கலாம்" என்று ஊராரிடம் சொன்னார்.

ஞாயிறன்று ஊரிலுள்ள இந்துக்கள் அத்தனை பேரும் குளித்துவிட்டு வந்துவிட்டார்கள். பிராந்திக் கடைக்காரர் தேங்காய் பழத் தட்டை, பூசைப் பாட்டுக்கு நான் வாசிக்கும் ஆர்மோனியத்தின் மேல் வைத்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

பாதிப் பூசையில் சப்-இன்ஸ்பெக்டர் வந்து கதவோரம் நின்றார். கூட்டம் என்று தெரிந்தால் கோயிலைப் பூட்டிவிட்டுச் சாமியாரை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். சாமியார் நற்கருணை அப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்தினார். பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை வழக்கம்போல மணி அடித்தார்.

அவ்வளவுதான். தீபாராதனை மணிக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. எந்த மாதா கோயிலிலும் இப்படி நடக்காது. தொலைந்தோம் என்று கதவைப் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் வந்தார்.

"கூட்டம் ஏதும் இல்லியே சாமி?"

"பூசைதாங்க."

"அப்ப மேல அப்படியே சொல்லிடுறேன். சேத்துட்டாங்கன்னா என்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க சாமி. வாராவாரம் நல்லா நடத்துங்க."

தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஜீப் போனதும் கடையடைப்புக்கு நாள் குறித்தார்கள். பிராந்திக் கடையை அடைப்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது.

அப்புறம் வாராவாரம் வந்தார்கள், மணி அடிக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவழியாக டெல்லி இணைப்புப் பேச்சை விட்டது. ஊரில் வெடி போட்டோம்.

அடுத்த ஞாயிறு பழையபடி ஏழெட்டுக் குடும்பம் மட்டும். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. சாமியார் அப்பத்தை உயர்த்தினார். மணி அடித்து ஓய்ந்தது. அவர் கை இறங்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. எழுந்து நின்று, இரண்டு கன்னத்திலும் அவருக்குக் கேட்கிற மாதிரி போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவர் கையை இறக்கினார்.