பக்கத்து சீட்டுக்கு பிரேக் கிடையாது

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்றால் நாளெல்லாம் கார் ஓட்டுகிறவர் என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். நம் மாஸ்டர் தன் முக்கால் ஆயுளைக் காருக்குள்ளேதான் கழித்தார். ஆனால் ஓட்டியது கொஞ்சம்தான். ஓட்டியதெல்லாம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். இவர் பக்கத்து சீட்டில் இருப்பார். இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக், தனியாக ஒரு கிளட்ச். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், படிக்க வந்தவரின் கால் நகர்வதற்குள் மாஸ்டரின் கால் மிதித்து முடித்திருக்கும். அதற்கப்புறம் வாய் திறக்கும். "எங்க பாக்கற? கண்ணு ரோட்டுல இருக்கணும். ரோட்ட விட்டு எடுக்கவே கூடாது!" என்று பிடித்தால் அடுத்த தெருமுனை வரைக்கும் விடமாட்டார்.

கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. அவர் வண்டியில் ஏறிய யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது, அதுதான் வம்பு.

அவர் மனைவி டெய்லர். வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டு, யூனிஃபார்மும் ஜன்னல் திரையும் தைத்துக் கொடுப்பாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா. அவளிடமும் லைசென்ஸ் உண்டு. மாஸ்டரே சொல்லிக் கொடுத்து, மாஸ்டரே வாங்கிக் கொடுத்தது. பார்சல் வாங்கும்போது அடையாளம் காட்ட மட்டும் அது பர்ஸிலிருந்து வெளியே வரும். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மாஸ்டர் தவறாமல் ஒரு ஜோக் சொல்வார். "என் வீட்டுக்காரிக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஜனங்க நல்லா இருக்கட்டும்னு சாவிய மட்டும் கொடுக்கல." எல்லோரும் சிரிப்பார்கள். முன்னறையில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் நிற்காது.

இப்படி இருந்தவருக்குத்தான் திடீரென்று ஆசை பிறந்தது. பழைய மாணவர் ஒருவர் அவரை டிராக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே, சொந்தக் காரைக் கொண்டுவந்து யார் வேண்டுமானாலும் வேகமாக ஓட்டிப் பார்க்கிற இடம் அது. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த மாஸ்டருக்கு வேகம் பெரிதாகத் தெரியவில்லை. அத்தனை பேரும் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அவர் கண்ணை உறுத்தியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நானும் ஒரு வண்டி வாங்கப் போறேன். சின்னதா, லைட்டா. டிராக்குக்குன்னே" என்றார். டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "வாங்குங்க, யார் வேணாங்கறா" என்றாள்.

அந்த மாதிரி வண்டிகள் விற்கிற கராஜ் ஒன்று உண்டு. அதன் முதலாளிக்கு எடைக்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது. பேச்சுக்குப் பேச்சு எடைதான். "மாஸ்டர், இந்த சிவப்பு வண்டி இருக்கே, பவர் அள்ளும். ஆனா உடம்பு கனம். நாலு ரவுண்டு விரட்டுனா பிரேக் சூடேறி வேலை செய்யாது, டயரும் தேஞ்சிடும். இந்த சாம்பல் வண்டிய பாருங்க. என்ஜின் சின்னதுதான், ஆனா ஒரு கையால தள்ளலாம். பிரேக்க லேட்டா போடலாம், வளைவுல சொன்ன பேச்சு கேக்கும்."

மாஸ்டர் சாம்பல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ரேடியோ இல்லையே?"

"இல்ல."

"ஏசி?"

"இல்ல. கார்ப்பெட்டும் இல்ல, பவர் ஸ்டீயரிங்கும் இல்ல. இல்லாததுக்குத்தான் மாஸ்டர் இதுக்கு மவுசு!"

மாஸ்டர் குனிந்து பக்கத்து சீட்டின் காலடியைப் பார்த்தார். வெறும் தகடு. அதைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போல இருந்தது.

எடைக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ரெண்டு சீட்டு வண்டி என்றால், பக்கத்தில் உட்காரப் போகிறவரையும் கூட்டிவந்து டிராக்கில் ஓட்டிக் காட்டாமல் விற்கமாட்டார். "அவங்க முதுகுக்கு ஒத்துக்கலன்னா மறு மாசமே வண்டி என் வாசல்ல வந்து நிக்கும். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?" என்பார். அதனால்தான் டெய்லரம்மாவும் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டரோடு டிராக்குக்கு வந்தாள்.

சாம்பல் வண்டியை முதலில் மாஸ்டர் ஓட்டினார். பக்கத்தில் டிராக்கின் கோச், கறாரான ஒரு பெண். எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். வளைவு கண்ணுக்குத் தெரிந்ததுமே பிரேக். வளைவுக்குள் போய் இன்னொரு பிரேக். பின்னால் வந்தவர்கள் வரிசை கட்டி நின்றார்கள், டிராக் ஆட்கள் கொடி காட்டி இவரை ஓரம் கட்டச் சொன்னார்கள். "ஏன் மாஸ்டர் இங்க பிரேக் போட்டீங்க?" என்று கோச் கேட்டாள். "பிரேக்கு சரியில்லம்மா, ஒரு பக்கமா இழுக்குது" என்று வாய் கூசாமல் சொன்னார். எடைக்காரர் அதை நம்பி, எல்லோர் முன்னாலும் ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தார். "பழுது ஒண்ணும் இல்லியே மாஸ்டர்!" சுற்றி நின்றவர்கள் மேலே வானத்தைப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து எடைக்காரர், "அக்கா, நீங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறீங்களா? இப்ப மெதுவா போறவங்களுக்கான நேரம்தான்" என்றார்.

"இவளா?" என்று மாஸ்டர் சிரித்தார். பட்ட அவமானத்தை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்த சந்தோஷம் அந்தச் சிரிப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது. டெய்லரம்மா அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள்.

கோச் பக்கத்து சீட்டில் ஏறப் போனாள். "நீ இரும்மா, நான் உக்காந்துக்கறேன். எனக்கு இதுதானே பொழப்பே" என்று மாஸ்டர் முந்திக்கொண்டார்.

முதல் ரவுண்டு நடை வேகம்தான். ரெண்டாவது ரவுண்டில் அவள் காலுக்கு வண்டி பிடிபட்டுவிட்டது. நாளெல்லாம் மெஷின் மிதிக்கிற கால் இல்லையா, எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அதற்குத் தெரியும். வண்டி குலுங்கவில்லை, திமிறவில்லை. மாஸ்டர் ரெண்டு தடவை பிரேக் போட்ட வளைவை அவள் ஒரே மிதியில், அளவாக, கடந்து போனாள். ஹெல்மெட்டுக்குள் மாஸ்டருக்கு எரிந்தது. ஆமாம், எரிந்தது, அதைப் பூசி மெழுகி என்ன ஆகப் போகிறது? இத்தனை வருஷமாக ஜோக் சொல்லிச் சிரித்தது பொய்யாகப் போகிறதே என்று எரிந்தது.

மூன்றாவது ரவுண்டில், நேர்பாதையின் கடைசியில் இருக்கிற பெரிய வளைவு வந்தது. மாஸ்டர் கணக்கில் பிரேக் போட வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. அவர் கால் தானாக மிதித்தது. வெறும் தகடு டங்கென்றது. இன்னொரு தடவை மிதித்தார், டங். அவள் அப்போதுதான் நிதானமாக பிரேக்கில் கால் வைத்தாள். ஆனால் அதற்குள் மாஸ்டரின் கை ரெண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து முழுசாக மேலே இழுத்துவிட்டது.

பின் சக்கரங்கள் கிரீச்சிட்டன. வண்டி பம்பரமாக ஒரு சுற்று சுற்றி, டிராக்கை விட்டு இறங்கி, ஓரத்து ஜல்லியில் புதைந்து அணைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஐயோ, என்ன ஆச்சுங்க? நான் என்ன பண்ணேன்?" என்றாள் டெய்லரம்மா. ஸ்டீயரிங்கை அவள் கைகள் இன்னும் விடவில்லை. "சரியாத்தானே மிதிச்சேன்?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். நான்தான் இழுத்தேன் என்றால் விஷயம் முடிந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் கோச்சும் எடைக்காரரும் ஓடிவந்து கதவைத் திறந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அந்த வாயிலிருந்து பழகின பேச்சுதான் வந்தது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாதி வளைவுல பதறிட்டா. நான்தான் அப்பவே சொன்னேனே, இவளுக்கெல்லாம் சரிப்படாதுன்னு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சீ, என்று இருந்தது. ஆனால் கொட்டியதை அள்ளவில்லை. இறங்கிப் போய் வண்டியின் பின்னால் நின்றுகொண்டார்.

டெய்லரம்மா ஸ்டீயரிங்கில் இருக்க, மற்ற மூவரும் தள்ளினார்கள். ஒரு கையால் தள்ளலாம் என்று சொன்ன வண்டி ஒரு இம்மிகூட நகரவில்லை. "என்னடா இது, பின் சக்கரம் பூட்டிக்கிட்டு நிக்குது" என்று எடைக்காரர் குனிந்தார். உள்ளே டெய்லரம்மாவின் தலையும் குனிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, வண்டி லேசாக உருண்டது. மாஸ்டர் யார் முகத்தையும் பார்க்காமல், உலகத்தில் இல்லாத அக்கறையோடு வண்டியைத் தள்ளினார்.

கையெல்லாம் மண் என்று சொல்லிக் குழாயடிக்குப் போய், கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். அவள் பார்த்திருக்க மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதற்றத்தில் இருப்பவளுக்கு ஹேண்ட் பிரேக் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? அப்படி நினைத்துத் தேற்றிக்கொண்டதற்காகவே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது மூவரும் டீக்கடை மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் வந்ததும் பேச்சு நின்றது. இவருக்கும் ஒரு டீ வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மாஸ்டர் தன் ஜோக்கை எடுத்துவிட்டார். "இதுக்குத்தான் ஜனங்க நல்லா இருக்கட்டும்னு இவகிட்ட சாவியே கொடுக்கறதில்ல." ஒருவரும் சிரிக்கவில்லை. கோச் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எந்த வண்டி மாஸ்டர்?" என்றார் எடைக்காரர். "சிவப்பா, சாம்பலா?"

"சிவப்பே இருக்கட்டுமே" என்று மாஸ்டர் முனகினார். "அதுல கொஞ்சம் பாதுகாப்பு..."

"சாம்பல்தான்" என்றாள் டெய்லரம்மா. பிறகு எடைக்காரர் பக்கம் திரும்பி, துணிக்கு அளவு கேட்கிற குரலில் கேட்டாள். "தம்பி, அந்த ஹேண்ட் பிரேக் நடுவுல இருக்கே, அத டிரைவருக்கு அந்தப் பக்கம், கதவோரமா மாத்திக் கொடுக்க முடியுமா?"

எடைக்காரர் டம்ளருக்குள் பார்த்தபடி, "முடியும்க்கா" என்றார்.

மாஸ்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. காது ரெண்டும் சுட்டது. டீயைத் தொடவே இல்லை.

ஸ்கூல் கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு அவள் முன்னால் நடந்தாள், இவர் பின்னால் போனார். கார்க் கதவருகே நின்று அவள் கையை நீட்டினாள். இவர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார்.

"பாத்துட்டியா?" என்றார்.

"பாத்தேன்."

"அப்பவே ஏன் எல்லார் முன்னாடியும் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். "வண்டி தள்ளும்போது சொல்லுவீங்கன்னு நினைச்சேன். கை கழுவிட்டு வந்து சொல்லுவீங்கன்னு நினைச்சேன். நீங்க ஜோக்கு சொன்னீங்க."

அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் மாஸ்டர் பதிலுக்குக் கத்தியாவது தப்பித்திருப்பார். கூனிக் குறுகிப்போய், வழக்கம்போல பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தார்.

"அங்க வேணாம்" என்றாள். "அங்க பிரேக் இருக்கு. பின்னாடி உக்காருங்க."

முறை வருகிற வரைக்கும் மாணவர்கள் காத்திருக்கிற பின் சீட்டில், முழங்காலை மடக்கிக்கொண்டு மாஸ்டர் உட்கார்ந்தார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பியது.

டிராக்கின் கேட்டருகே எடைக்காரரும் கோச்சும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டெய்லரம்மா அவர்கள் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். தன் பக்கத்து பட்டனை அழுத்தினாள். மாஸ்டர் பக்கத்துக் கண்ணாடி தானாகக் கீழே இறங்கியது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் அதற்கும் அசையவில்லை.

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். 

"அந்த ஹேண்ட் பிரேக்க நான்தான் இழுத்தேன்" என்றார். "அவ மேல எந்தத் தப்பும் இல்ல. அவ நல்லாத்தான் ஓட்டுனா. என்னைவிட நல்லா ஓட்டுனா."

கோச் எடைக்காரரைப் பார்த்தாள். "தெரியும் மாஸ்டர்" என்றாள். "நீங்க கை கழுவப் போனப்ப நாங்களே கேக்கலாம்னுதான் இருந்தோம். அக்காதான் விடல. 'அவரே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் யாரும் எதுவும் கேக்காதீங்க'ன்னாங்க."

கண்ணாடி மேலே ஏறியது. வண்டி நகர்ந்தது. டிரைவர் தலைக்கு முன்னால், பின் சீட்டில் இருப்பவர் முகம் தெரிகிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் அவள் ஒரு தடவையாவது தன்னைப் பார்ப்பாளா என்று மாஸ்டர் வழி நெடுக அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அப்படித்தான் அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.